குடியை விட்ட உடம்பு கேட்பது

(பழவேற்காட்டுக் குப்பங்களின் மீனவர்கள் முன்னிலையில் திருப்பாலைவனத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கார்த்திகை முதல் நாளன்று கழுத்தில் துளசிமணி மாலை ஏறிய கணத்திலிருந்து, பல வருஷங்களாக ஒரு நாள் தவறாமல் குடித்துவந்த மனிதர் ஒருவர், மதுக்கடை இருக்கும் திசையை ஏறிட்டும் பாராமல் 41 நாளோ 48 நாளோ விரதம் காத்து, இருமுடி சுமந்து சபரிமலைக்குப் போய், திரும்பிவந்து மாலையைக் கழற்றிய மறுநாளே பழைய இடத்தில் பழைய நண்பர்களோடு நிற்கிற காட்சியை நம்மில் காணாதவர் இல்லை. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு காவி உடுத்தி நடந்து போகிறவர்களிடத்திலும், அம்மன் சந்நிதியில் கையில் கயிறு கட்டிக்கொண்டு சத்தியம் செய்கிறவர்களிடத்திலும் இதே சரித்திரம் நடப்பதுண்டு. அந்த மனிதருக்கு மன உறுதி போதவில்லை என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். மன உறுதி போதாதவர் 48 நாள் எப்படி இருந்தார் என்று யாராவது கேட்டால், அது சாமி பயம் என்கிறோம். பக்தியின் சக்தியை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆயினும் அந்த 48 நாளில் அவருடைய உள்ளத்துக்கு நேர்ந்ததை மட்டும் பார்த்துவிட்டு, அவருடைய உடம்புக்கு நேர்ந்ததை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம் என்பது என் அபிப்பிராயம்.

உடம்புக்கு நேர்ந்தது என்ன? பொழுது புலரும் முன் குளிர்ந்த நீரில் தலைமுழுகினார். அந்தி வேளையில் மறுபடியும் முழுகினார். செருப்பில்லாத பாதம் மண்ணையும் மணலையும் கல்லையும் நாள்தோறும் உணர்ந்தது. ஒரே நிறத்து ஆடை, குறித்த வேளையில் எளிய சோறு, தரையில் பாய். மாலையில் பலர் கூடி ஒரே தாளத்தில் சரணம் பாடியபோது அவருடைய மூச்சும் அந்தத் தாளத்துக்கு வந்து சேர்ந்தது. நேற்றுவரை அவரை ஏசியவர்கள் இன்று ‘சாமி’ என்று அழைத்தார்கள். கண் விழித்ததிலிருந்து கண் மூடும்வரை அடுத்தது என்ன என்பது ஐயத்துக்கு இடமின்றி வகுக்கப்பட்டிருந்தது. மாலையைக் கழற்றும்போது மதுவை விலக்கிய சத்தியம் மட்டுமா கழன்று போகிறது? அந்த நீரும் நடையும் தாளமும் கால ஒழுங்கும் ஒருங்கே கழன்று போய்விடுகின்றன. ஆதரவாக எதுவும் இல்லாத உடம்பு பழைய இரைச்சலுக்குள் திரும்பிவருகிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குடியிலிருந்து மீள முயலும் வயது வந்தோரில் ஒரு பகுதியினர் பிறவியிலேயே நரம்பு மண்டலம் வேறு விதமாக அமையப்பெற்றவர்கள். அவர்கள் தங்கள் புலன்களைத் தாங்களே நிதானத்துக்குக் கொண்டுவரும் உபாயத்தைக் கற்றுக்கொடுக்காமல், மதுவை மட்டும் பிடுங்கி எடுத்துவிடுகிற சிகிச்சை அவர்களிடத்தில் வேர்கொள்வது மிகவும் அரிது. இன்று நான் பேச வந்த விஷயம் இதுவே.

புலன்களைப் பற்றிய விசாரணை நமக்குப் புதியது அன்று. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு தொடங்கி ஆறறிவு வரை வகைப்படுத்துகையில், எல்லாவற்றுக்கும் முன்னதாகத் தொடு உணர்வை வைத்து, மனத்தை ஆறாவதாக வைத்தார். ஸ்பரிசம் உயிரின் அடித்தளம் என்ற அந்தத் தெளிவுக்கு இன்றைய உடலியல் மேலும் மூன்றைச் சேர்த்திருக்கிறது. தசையிலும் மூட்டிலும் இருந்து, கை எங்கே இருக்கிறது, எவ்வளவு பாரத்தை இழுக்கிறது என்று அறிவிப்பது ஒன்று. உள்காதிலிருந்து, உடம்பு சாய்கிறதா நிமிர்கிறதா என்று அறிவிப்பது ஒன்று. பசி, தாகம், மூச்சு, நெஞ்சுத் துடிப்பு, களைப்பு ஆகிய உள் செய்திகளைக் கொண்டுவருவது மற்றொன்று. இந்தப் பழவேற்காட்டு ஏரியில் இருளர் மக்கள், முக்கியமாகப் பெண்கள், மார்பளவு நீரில் அமிழ்ந்து, பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத சேற்றில் விரல்களால் துழாவி இறாலைப் பிடிப்பதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். சேறு எது, கிளிஞ்சல் எது, இறால் எது என்று விரல் நுனி கண நேரத்தில் தீர்மானிக்கிறதே, அந்த அறிவுக்குப் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் இல்லை. ஆனால் அது அறிவே. தொழிலால் உடம்பை இவ்வளவு நுட்பமாக அறிந்த மக்களிடத்தில் புலன்களைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு விசேஷமான சந்தோஷம் உண்டு.

முகத்துவாரத்தின் சமாச்சாரம் உங்களுக்குத் தெரியும். அது அளவாகத் திறந்திருந்தால் கடல் நீர் வந்துபோய் ஏரியில் உயிர் தழைக்கும். அளவுக்கு மீறித் திறந்துவிட்டால் கடலே உள்ளே வந்துவிடும். மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டால் ஏரி வறண்டு உப்புக் கரிக்கும். மனித மூளைக்கும் புறவுலகத்துக்கும் இடையே அப்படி ஒரு வாயில் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது தானாகவே அளவறிந்து திறந்து மூடிக்கொள்கிறது. சிலருக்கு அது எப்போதும் அகலத் திறந்தே கிடக்கிறது: குழல் விளக்கின் மெல்லிய துடிப்பும், பக்கத்து வீட்டு மிக்ஸியும், சட்டைக் கழுத்தின் உறுத்தலும் ஒரே சமயத்தில், ஒரே பலத்தோடு உள்ளே வருகின்றன. வேறு சிலருக்கு அது பாதி அடைத்தே கிடக்கிறது: உரத்த சத்தமும் வேகமும் ஆபத்தும் இருந்தாலொழியத் தாம் உயிரோடிருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஒரே மனிதரிடத்தில் ஒரு புலன் திறந்தும் மற்றொரு புலன் அடைத்தும் இருப்பதும் உண்டு.

ஆட்டிசம் என்னும் அமைப்பை லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 1943-இல் விவரித்தார். மறு ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் அதை ஒத்த சிறுவர்களைப் பற்றி எழுதினார். ஆனால் இப்புலன் வேறுபாடு அந்த அமைப்பின் அடையாளங்களில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் அதிகாரபூர்வமான கையேட்டில் ஏறியது 2013-இல்தான். கலிபோர்னியாவில் ஜீன் அயர்ஸ் என்ற அம்மையார், புலன்கள் மூளையில் ஒருங்கிணையும் விதத்தைப் பற்றி 1972-இலேயே நூல் எழுதியிருந்தும் இத்தனை தாமதம். கவனம் ஓரிடத்தில் நில்லாமலும், உடம்பு ஓய்ந்திராமலும் இருக்கிற ஏ.டி.எச்.டி. என்ற அமைப்பு பால்ய வயதோடு போய்விடும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. நம் நாட்டுச் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல் 1999-ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்று, 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உறுதிப்பட்டது. ஆகையால் இன்று நாற்பதும் ஐம்பதும் வயதான ஒரு மீனவரைச் சிறு பிராயத்தில் யாரும் பரிசோதித்திருக்க வழியே இல்லை. ‘ஒரு மாதிரியான பையன்’, ‘முரடன்’, ‘கூட்டத்தில் ஒட்டாதவன்’, ‘ஒரு இடத்தில் உட்காரமாட்டான்’ என்ற பட்டங்களோடு அவர் வளர்ந்தார். பிற்பாடு ‘குடிகாரன்’ என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது.

அப்படிப்பட்ட ஒருவரை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். நான் சொல்வது எந்த ஒரு தனி மனிதரின் கதையும் இல்லை. பலரிடத்தில் காணப்படுவதைத் திரட்டி ஓர் உருவமாக்குகிறேன். இரவில் தனியாகப் படகில் இருக்கும்போது அவரைப் போல நிதானமான தொழிலாளி கிடையாது. நீரின் அசைவிலிருந்து மீனின் போக்கைச் சொல்லுவார். கரைக்கு வந்தவுடன் துன்பம் தொடங்குகிறது. ஏலம் விடும் இடத்தின் கூச்சல், வண்டிகளின் ஹாரன், தோளை இடிக்கும் கூட்டம், பனிக்கட்டிப் பெட்டியின் நாற்றம், கண்ணாடிபோல் எதிரொளிக்கும் வெயில். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியின் முன்னே உட்காரவேண்டுமென்றால் பிரம்மப் பிரயத்தனம். ஒரு நாள் யாரோ ஒரு குவார்ட்டரைக் கையில் கொடுக்கிறார்கள். அரை மணி நேரத்தில் உலகம் அடங்குகிறது. முகங்களை ஏறிட்டுப் பார்க்க முடிகிறது, பேச முடிகிறது, சிரிக்கவும் முடிகிறது. தம் வாழ்நாளில் முதல் தடவையாகத் தாம் மற்றவர்களைப் போல இருப்பதாக அவர் நினைக்கிறார். அவர் தேடியது போதையை என்று ஊர் நினைக்கிறது. அவருக்குக் கிடைத்தது மௌனம்.

மற்றொருவர் இதற்கு நேர் எதிர். அலை புரளும்போது அவருக்கு உற்சாகம். கரையில் சும்மா இருப்பது நரகம். புயல் எச்சரிக்கை நாட்களும், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவுவதற்காகக் கடலுக்குப் போகக்கூடாதென்று அறிவிக்கப்படும் நாட்களும், வலையில் மீன் படாமல் வெறுங்கையோடு திரும்பும் நாட்களும் அவருக்கு மற்றவர்களைக் காட்டிலும் பன்மடங்கு அபாயகரமானவை. வருமானம் போனதைவிட, உடம்புக்கு வேலை இல்லாமற் போனதே அவரைக் கடைவாசலுக்கு இழுத்துச் செல்கிறது.

இது வெறும் யூகமில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உடைய வயது வந்தோர் பொதுவாக மற்றவர்களைவிடக் குறைவாகவே மதுவையும் போதைப்பொருள்களையும் உபயோகிக்கிறார்கள் என்றாலும், போதைப்பொருளை உபயோகிப்பவர்கள் தங்கள் நடத்தையைச் சமாளித்துக்கொள்வதற்காக அதை நாடும் சாத்தியம் மற்றவர்களைக் காட்டிலும் ஏறக்குறைய ஒன்பது மடங்கு என்று கண்டார்கள். புலன்களின் தாங்கமுடியாத நெருக்கடியைத் தணித்துக்கொள்வதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. ஸ்வீடன் தேசத்தின் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்து 2017-இல் வெளிவந்த மற்றொரு ஆய்வு, ஆட்டிசத்தோடு போதைச் சிக்கல் சேர்வது ஏறக்குறைய இரு மடங்கு என்றும், ஏ.டி.எச்.டி.யும் கூட இருந்தால் அது மேலும் ஏறுகிறது என்றும் சொல்கிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் கணக்கிட்டபோது, போதை நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஏ.டி.எச்.டி. இருந்தது. நம் தேசத்தில் எய்ம்ஸ் நிறுவனத்தார் நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி மதுவால் தீங்குற்று உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிக்கும் மேல். இச்செய்திகளையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு, நான் பேசுகிற மக்கள் சொற்பமானவர்கள் என்று தோன்றாது.

இனி, குடியை நிறுத்தும்போது நடப்பதைக் கவனியுங்கள். மூளையில் நரம்புகளின் வேகத்தைத் தணிப்பதற்குக் காபா என்ற ஒரு ரசாயனமும், தூண்டுவதற்குக் குளூட்டமேட் என்ற ஒரு ரசாயனமும் உள்ளன. மது முதலாவதற்குப் பலம் சேர்த்து இரண்டாவதை ஒடுக்குகிறது. வருஷக்கணக்கில் இப்படி நடந்தால், மூளை தன்னைச் சமன்செய்துகொள்ளும் பொருட்டுத் தணிக்கும் பக்கத்தைத் தளர்த்தித் தூண்டும் பக்கத்தைப் பெருக்கிக்கொள்கிறது. திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் தூண்டுதல் மட்டுமே எஞ்சி நிற்கிறது. மது நிறுத்தத்தின் கடுமையை அளக்க மருத்துவர்கள் உலகெங்கும் உபயோகிக்கும் அளவுகோல் ஒன்று 1989-இல் வெளிவந்தது. அதில் உள்ள பத்து இனங்களில் மூன்று, புலன்களைப் பற்றியவை: தோலில் ஊசி குத்துவதுபோலவோ பூச்சி ஊர்வதுபோலவோ இருக்கிறதா, சுற்றியுள்ள சத்தங்கள் கடுமையாகக் கேட்கின்றனவா, வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்கிறதா என்று செவிலியர் விசாரிக்கவேண்டும். சாதாரண அமைப்புடைய மனிதருக்கே அந்த நாட்களில் ஒலியும் ஒளியும் பகையாகின்றன. பிறவியிலேயே புலன் வாயில் அகலத் திறந்தவருக்கு அந்த அவஸ்தை எத்தகையதாக இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. தினந்தோறும் மிகுதியாகக் குடிக்கிறவர் மருத்துவ உதவியின்றி ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் புத்தி பேதலித்து, இல்லாததைக் காணும் நிலை வரலாம். மாலை போட்ட அன்றே நிறுத்துகிறவருக்கும் இது பொருந்தும். மாலைக்கு ஒரு வாரம் முன்பாகவே அரசு மருத்துவமனைக்குப் போய், தயமின் என்னும் பி-1 உயிர்ச்சத்தும், நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும் பெற்று, வைத்தியரின் மேற்பார்வையில் நிறுத்திவிட்டுப் பின்பு மாலை போடுவதில் தெய்வக் குற்றம் எதுவும் இல்லை. அந்த முதல் வாரத்தில் அவரைப் படகில் ஏற்றாதீர்கள். நடுநீரில் வலிப்பு வந்தால் கூட இருப்பவர் காப்பாற்றுவது துர்லபம்.

சிகிச்சைக் கூடத்தின் அமைப்புக்கு வருகிறேன். நீண்ட ஒரே அறை, இரவும் அணையாத வெள்ளை விளக்கு, கடகடக்கும் விசிறி, ஓயாத தொலைக்காட்சி, இருபது பேரின் இருமலும் புலம்பலும், பினாயில் நாற்றம்: அநேக இடங்களில் இதுவே நிலைமை. மூன்றாம் நாளில் ஒருவர் சுவரேறிக் குதித்து வீட்டுக்குப் போய்விட்டால், திருந்த மனமில்லை என்று எழுதிவிடுகிறார்கள். அவர் மதுவைத் தேடித்தான் ஓடினாரா, விளக்கிலிருந்து தப்பித்து ஓடினாரா என்று ஒருவரும் விசாரிப்பதில்லை.

சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அழைக்கும் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையை, குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் தொடங்கினார். 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவருடைய கைங்கரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, நகரத்து மருத்துவமனைக்கு வர வசதியற்ற கிராமத்தாருக்காக மஞ்சக்குடி முதலிய ஊர்களிலேயே முகாமிட்டுச் சிகிச்சை அளித்த ஏற்பாடு. செலவு குறைவு, குடும்பமும் ஊரும் கூட நிற்கின்றன என்பவை அதற்குச் சொல்லப்படும் சிறப்புகள். நான் மற்றொன்றையும் சேர்ப்பேன்: நோயாளி தமக்குப் பழகிய காற்றையும், பழகிய சோற்றின் மணத்தையும், பழகிய இரவின் இருட்டையும் விட்டுப் பிரியவேண்டியதில்லை. புதுமை ஒவ்வொன்றும் பாரமாகிற நரம்பு மண்டலத்துக்கு இது சாமானியமான உதவியா? 2025-இல் தமிழ்நாடு அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. அவற்றை நடத்துகிறவர்களுக்கு என் விண்ணப்பம் பெரிய செலவுக்கு உரியதன்று: ஒரு மூலையில் மங்கலான மஞ்சள் விளக்கும், கனத்த போர்வையும், தொலைக்காட்சி இல்லாத நிசப்தமும் உடைய ஒரு சிறிய அறை, அதற்குள் போக அனுமதி கேட்கவேண்டாத உரிமை.

இத்தகைய அறை என் புதுக் கற்பனையன்று. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் எச்சத்தையும், அவர்களுடைய கல்லறைகளில் செதுக்கிய சிற்பங்களையும் பார்ப்பதற்கு வெளியூரார் வருகிறார்கள். அந்த டச்சுக்காரர்களின் தேசத்தில் 1970-களில், பேச்சால் எட்டமுடியாத மனவளர்ச்சிக் குறைவுடையோருக்காக, மெல்லிய ஒளியும் மென்மையான ஒலியும் தொட்டு மகிழும் பொருள்களும் நிறைந்த அறைகளை இரண்டு இளைஞர்கள் அமைத்தார்கள். ஸ்னூசெலன் என்ற பெயரில் அம்முறை பல நாடுகளுக்கும் பரவியது. பிற்பாடு அமெரிக்காவில் மனநல மருத்துவமனைகள் சிலவும், நோயாளிகளைக் கட்டிப்போடுவதைக் குறைக்கும் உபாயமாகப் புலன் அறைகளை ஏற்றுக்கொண்டன. டெம்பிள் கிராண்டின் என்ற ஆட்டிசமுடைய அமெரிக்கப் பெண்மணி, மாடுகளை அசையாமல் நிறுத்தும் மரச்சட்டம் அவற்றைச் சாந்தப்படுத்துவதைத் தம் இளம் பிராயத்தில் கண்டு, தம் உடம்பை இருபுறமும் அழுத்திக்கொள்ளும் இயந்திரம் ஒன்றைத் தாமே செய்துகொண்டு பதற்றத்தைத் தணித்துக்கொண்டார். அழுத்தம், பாரம், இழுப்பு ஆகியவை தசைகளின் வழியே மூளைக்கு நிதானத்தைக் கொண்டுபோகின்றன என்பது இச்சிகிச்சைகளின் சாரம். குடிநோயிலிருந்து மீள்வோரிடத்தில் இவற்றைச் சோதித்த ஆராய்ச்சி இன்னும் இளமைப் பருவத்தில்தான் இருக்கிறது; இவை மருந்துக்கும் ஆலோசனைக்கும் துணையாக நிற்கத்தக்கவை, அவற்றின் ஸ்தானத்தில் அமர்த்தத்தக்கவை ஆகமாட்டா.

ஆனால் அந்தத் துணையை விலைகொடுத்து வாங்கவேண்டிய நிர்ப்பந்தம் இந்தக் கரைக்கு இல்லை. வலையை இழுப்பதைக் காட்டிலும் தோளுக்கும் முதுகுக்கும் நல்ல பாரம் ஏது? முதல் வாரம் கழிந்து வைத்தியர் சம்மதித்தபின், கரையிலேயே செய்யக்கூடிய வேலைகளாகிய படகைத் தள்ளுவது, நனைந்த வலையைச் சுமந்து உலர்த்துவது, பனிக்கட்டிப் பெட்டியை ஏற்றி இறக்குவது ஆகியவற்றைக் காலையிலும், மனம் அலைபாயத் தொடங்கும் வேளையிலும் செய்யச்சொல்லுங்கள். கிழிந்த வலையைச் செப்பனிடுகிற வேலையோ, விரலுக்கு ஒரே தாளத்தைக் கொடுத்துக் கண்ணை ஒரே இடத்தில் நிறுத்துவது. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலை முடைவதைப் பாருங்கள். ஓலையின் வழவழப்பும் மடிப்பும் திருப்பமும் மாறாமல் வந்துகொண்டிருக்க, அவர்களுடைய மூச்சு எவ்வளவு சீராக இருக்கிறது! அது பெண்கள் வேலை என்று ஆண்கள் ஒதுங்கவேண்டியதில்லை. நெஞ்சு படபடத்து, இப்போதே குடிக்கவேண்டும் என்ற வேகம் எழும்போது, குளிர்ந்த நீரில் முகத்தைச் சில கணம் அமிழ்த்தினால் இதயத் துடிப்பு தணிகிறது. நீரில் மூழ்கும் பிராணிகளுக்கு இயற்கை கொடுத்த அந்த அனிச்சைச் செயல் மனிதனிடத்திலும் இருக்கிறது. இதய நோய் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

எல்லாவற்றிலும் மேலாக நான் மதிப்பது ‘பாடு’ என்று நீங்கள் அழைக்கும் பங்கீட்டு முறையை. தலைக்கட்டுகளின் பெயர்களை வைத்து, சீட்டுக் குலுக்கி, இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையடிக்கும் உரிமை இன்னாருக்கு என்று முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் அந்த ஏற்பாட்டைச் சமூகவியலார் நீதியின் நோக்கிலும் மீன்வளத்தின் நோக்கிலும் புகழ்ந்திருக்கிறார்கள். நிச்சயமின்மையால் நரம்பு முறுக்கேறுகிற ஒருவருக்கு, நாளைய தினமும் அடுத்த வாரமும் தாம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாம் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. குடியை விட்டு வந்தவரைச் சில மாதங்களுக்குத் தொழிலிலிருந்து ஒதுக்கிவைப்பது நல்லது என்று சில பெரியவர்கள் நினைக்கிறார்கள். அதில் எனக்குச் சம்மதமில்லை. அவருடைய முறையைப் பறிக்காதீர்கள். கூட்டாளியை மட்டும் மாற்றிக்கொடுங்கள். பங்கு பிரித்த கையோடு ‘கட்டிங்’ போடுகிற பழக்கமில்லாத ஒருவரோடு அவரைச் சேர்த்துவிடுங்கள். அவருடைய பங்கை வாரக் கடைசியில் வீட்டாரிடம் சேர்ப்பிக்க அவரே சம்மதித்தால் அப்படிச் செய்யுங்கள்.

1935-இல் அமெரிக்காவில் தோன்றி 1957 முதல் இந்தியாவிலும் நடந்துவரும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு வாழ்வளித்திருக்கின்றன. பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் எது வந்தாலும் ஜாக்கிரதை என்று அங்கே சொல்லிக்கொடுப்பது அனுபவத்தில் விளைந்த ஞானம். ஆனால் நான் முன்பு சொன்ன உள் செய்திகள் சிலரிடத்தில் தெளிவாக வந்து சேர்வதில்லை. ஆட்டிசம் உடையோரில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தம் உணர்ச்சி இன்னதென்று இனம்கண்டு பெயர்சொல்லுவதே சிரமம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ‘பசிக்கிறதா?’ என்றால் ‘இல்லை’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. பசி அவருக்குப் பசியாகத் தெரியாமல், காரணம் விளங்காத எரிச்சலாகத் தெரிகிறது. அந்த எரிச்சலுக்கு அவர் அறிந்த ஒரே மருந்து மது. ஆகையால் அவரிடம் உணர்வைக் கேட்காதீர்கள், கடிகாரத்தைக் காட்டுங்கள். மதுக்கடை பகல் 12 மணிக்குத் திறக்கிறது. அதற்கு முன்பாகவே, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், 11 மணிக்கு வயிறு நிறையச் சோறு. மூன்று மணிக்கு நீரோ மோரோ. ஐந்து மணிக்கு உடம்பு வருந்த ஏதாவது ஒரு வேலையும் குளியலும். கடை மூடுகிற இரவு 10 மணிக்கு அவர் தொழிலிலோ, படுக்கையிலோ இருக்கவேண்டும். விரத காலத்தில் சாஸ்திரம் செய்துகொடுத்ததை, ஏனைய நாட்களில் இந்த ஒழுங்கு செய்துகொடுக்கும்.

கூட்டங்களை நடத்தும் அன்பர்களும் சிறிது இடம் கொடுக்கவேண்டும். கதவோரத்தில் உட்கார விரும்புகிறவரை நடுவில் இழுத்து உட்காரவைக்காதீர்கள். கட்டித் தழுவுவதும் கைதட்டுவதும் பெரும்பாலோருக்கு ஆனந்தம். சிலருக்கு அது தோலை எரிக்கும். கண்ணைப் பார்த்துப் பேசாதவர் எதையோ மறைக்கிறார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பேசும்போது கையில் ஒரு நூல்கண்டையோ ஜபமாலையையோ வைத்து உருட்டுகிறவரைத் தடுக்காதீர்கள். நிற்கிறவர் நின்றுகொண்டே கேட்கட்டும். எவருக்கு எது சாந்தி தருகிறது என்பதை அவரவர் உடம்பு சொல்லவேண்டுமே அன்றி, நானோ நீங்களோ சொல்ல முடியாது. சரண கோஷம் ஒருவருக்கு அமிர்தமாக இருக்கும்போதே பக்கத்தில் நிற்பவருக்கு வேதனையாக இருக்கலாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கணவர் அல்லது மகனின் நரம்புகள் வேறு விதமானவை என்று நான் சொன்னதனால், அவர் கை நீட்டி அடித்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதாக எவரும் அர்த்தம் பண்ணக்கூடாது. காரணத்தை அறிவது வேறு. கொடுமைக்குச் சமாதானம் சொல்வது வேறு. விடியற்காலையில் மீன் கூடையைச் சுமந்துபோய், பகலெல்லாம் விற்று, மாலையில் வீட்டையும் சுமக்கிற உங்கள் நரம்புகளும் நரம்புகளே. அவருக்காக நிசப்தமான ஒரு மூலையை வீட்டில் ஒதுக்கும்போது, உங்களுக்காக ஒரு மணி நேரத்தையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பெண்களிலும் குடிக்கிறவர்கள் உண்டு. வெட்கத்தின் காரணமாக அவர்கள் சிகிச்சைக்கே வருவதில்லை. அவர்களுக்கும் நான் சொன்ன யாவும் பொருந்தும்.

மருத்துவரிடம் போகும்போது கூச்சப்படாமல் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: சிறு பிராயத்தில் இவர் எப்படி இருந்தார், எந்தச் சத்தம், எந்த வெளிச்சம், எந்தத் தொடுகை இவரால் தாங்க முடியாதது, முதன்முதலாகக் குடித்த அன்று இவருக்கு என்ன கிடைத்ததாகச் சொல்கிறார். ஏ.டி.எச்.டி. இருப்பது உறுதியானால் அதற்கும் மருந்து உண்டு. குடி வேட்கையைத் தணிக்கும் மருந்துகளும் உண்டு. பொன்னேரி மருத்துவமனை வரை போகவும் முடியாத இரவில் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசினால், தமிழிலேயே பேசுகிற மனநல ஆலோசகர் கிடைப்பார், கட்டணம் இல்லை.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்கலாம். சபையில் கேட்கக் கூசுகிறவர்கள், விசேஷமாகத் தாய்மார்கள், கூட்டம் கலைந்தபின் தனியே வந்து கேளுங்கள்; கடைசிப் பேருந்து புறப்படும்வரை நான் இங்கேயே இருக்கிறேன்.